பயமா, பாசமா? குவைத் அரச குடும்பமும் அதன் மக்களும்

சரி, அடுத்த கேள்வி. ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "வளைகுடா நாடுகளில் தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பம் ஆள்கிறது, எண்ணெய்ப் பணம் முழுக்க அவர்கள் கையில் இருக்கிறது, அப்படியும் மக்கள் ஏன் எதிர்ப்பதில்லை? பயமா, பாசமா?"

எல்லா நாட்டையும் ஒரே மூட்டையில் கட்டிப் பதில் சொல்ல முடியாது தம்பி. சவூதியில் கட்சியும் கிடையாது, மக்கள் தேர்ந்தெடுக்கிற நாடாளுமன்றமும் கிடையாது. பக்கத்திலேயே இருக்கிற குவைத்தில் 1963-லேயே நாடாளுமன்றத் தேர்தல் நடந்திருக்கிறது, அரச குடும்பத்து மந்திரிகளை அவையில் நிறுத்திக் குடைந்திருக்கிறார்கள். அதனால் குவைத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அங்கே பயமும் உண்டு, பாசமும் உண்டு, ஆனால் இரண்டையும் விடக் கொடுக்கல் வாங்கல்தான் பெரிது என்பது என் எண்ணம்.

எண்ணெய் வருவதற்கு முன்னால் யார் யாருக்குச் சோறு போட்டார்கள் என்று பாருங்கள். முத்துக்குளிப்பும் கப்பல் வியாபாரமும்தான் ஊரின் பிழைப்பு, பணம் இருந்தது வியாபாரிகளிடம். ஸபாஹ் குடும்பம் ஆண்டது, ஆனால் செலவுக்கு வியாபாரிகள் கட்டுகிற வரியை எதிர்பார்த்துத்தான் இருந்தது. ஷேக் முபாரக் என்று ஒருவர், 1896-ல் தன் சகோதரர்கள் இரண்டு பேரைக் கொன்றுவிட்டு ஆட்சிக்கு வந்தவர், லேசுப்பட்ட ஆள் இல்லை. அவரே வரியை ஏற்றியபோது, 1910 வாக்கில், பெரிய முத்து வியாபாரிகள் சிலர் கோபித்துக்கொண்டு பஹ்ரைனுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் போனால் ஊரே படுத்துவிடும் என்பதால் மனிதர் இறங்கி வந்து வரியை வாபஸ் வாங்கினார்.

1938-ல் புர்கானில் எண்ணெய் கிடைத்தது. அதே வருடம் வியாபாரக் குடும்பங்கள் ஒரு சபையைத் தேர்ந்தெடுத்து ஆட்சியில் பங்கு கேட்டன, ஆறே மாதத்தில் அமீர், அதாவது நாட்டை ஆளும் ஷேக், அதைக் கலைத்துவிட்டார். 1946-ல் எண்ணெய் ஏற்றுமதி தொடங்கியதும் கணக்கு தலைகீழ். இப்போது பணம் நேராக அரண்மனைக்கு வருகிறது, யாரிடமும் வரி கேட்க வேண்டியதில்லை. வரி கேட்காதவனிடம் என்ன உரிமை பேசுவது? ஆனால் 1950-ல் அமீரான அப்துல்லா அல் ஸாலிம் கெட்டிக்காரர், பணத்தைப் பூட்டி வைக்காமல் ஊருக்குள் இறக்கினார். மக்களின் நிலத்தை அரசு மதிப்பைவிடக் கூடுதல் விலைக்கு வாங்கியது. வியாபாரம் பழைய குடும்பங்களிடம் இருந்தது, அரசியல் அரண்மனையிடம். 1962-ல் அரசியல் சாசனமும் கொடுத்தார்.

குவைத்தில் வீட்டு டிரைவராக இருக்கிற நம்மூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். முதலாளி வீட்டு ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு ஜம்இய்யா என்கிற கூட்டுறவுக் கடைக்குப் போய் அரிசி, சர்க்கரை, எண்ணெய், பால் பவுடர் எல்லாம் மானிய விலையில் வண்டியில் ஏற்றி வருவது அவர்கள்தான். வாசலில் நாலு கார் நிற்கிற வீட்டுக்கும் ரேஷன்! குடிமகனாக இருந்தால் போதும், ஏழை பணக்காரன் பேச்சே இல்லை. இலவசப் படிப்பு, வைத்தியம், வீட்டுக் கடன், பெரும்பாலும் அரசு வேலை, வருமான வரி கிடையாது. 2011 தொடக்கத்தில், துனிசியாவும் எகிப்தும் மக்கள் கிளர்ச்சியில் பற்றி எரிந்த நேரத்தில், ஒவ்வொரு குடிமகனுக்கும் ஆயிரம் தினாரும் பதினாலு மாத இலவச உணவுப் பொருளும் அறிவித்தார்கள். சுதந்திரத்தின் பொன்விழாப் பரிசு என்றார்கள், சரி, பொன்விழாவும்தான்.

ஆனால் காசு கொடுத்து வாயை அடைத்துவிட்டார்கள் என்று மட்டும் சொன்னால் அது தப்பு. அங்கே திவானியா என்று ஒன்று உண்டு. வீட்டோடு ஒட்டிய நீளமான அறை, சுவரோரம் சுற்றிலும் இருக்கை, சின்னக் கண்ணாடிக் கிளாஸில் டீ வந்துகொண்டே இருக்கும், ராத்திரி வெகு நேரம் வரை ஆண்கள் உட்கார்ந்து ஊர் நியாயம் பேசுவார்கள். தேர்தல் வந்தால் வேட்பாளர் அங்கேதான் வர வேண்டும். ரமலானில் அரச குடும்பத்துப் பெரியவர்களே வந்து சலாம் சொல்லி உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். 1986-ல் நாடாளுமன்றத்தைக் கலைத்தபோது அதைத் திரும்பக் கேட்டு இயக்கம் கிளம்பியதும் இந்த அறைகளிலிருந்துதான். 1989 கடைசியில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு திவானியாவில் கூடினார்கள், போலீஸ் வந்து வளைத்தது.

அடுத்த ஆகஸ்டில் ஈராக்கின் சதாம் உசேன் படையோடு குவைத்துக்குள் நுழைந்தார். பொம்மை அரசு நடத்த, பேர் சொல்லும்படியான ஒரு எதிர்க்கட்சிக்காரர்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. முந்தைய வருடம் அமீரை எதிர்த்துக் கூடியவர்கள் 1990 அக்டோபரில் சவூதியின் ஜித்தாவில் அதே அரச குடும்பத்தோடு உட்கார்ந்து, "நீங்கள்தான் எங்கள் ஆட்சியாளர், ஆனால் 1962 சாசனத்தைத் திருப்பித் தாருங்கள்" என்ற கணக்கில் பேசினார்கள். 1992-ல் தேர்தல் நடந்தது. உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது என்று நினைக்கிறேன். குடும்பம் போகட்டும் என்று யாரும் கேட்கவில்லை, தன்னிஷ்டத்துக்கு ஆளாதே என்றுதான் கேட்டார்கள். 2006-ல் உடல்நிலை மோசமாக இருந்த அமீரை நாடாளுமன்றமே ஓட்டுப் போட்டு விலக்கியது, அரபு நாட்டில் இது சாதாரண விஷயமா? 2011 நவம்பரில் கூட்டம் நாடாளுமன்றத்துக்குள் புகுந்தபோதும் கோபம் பிரதமர் மேல்தான். அவர் அமீரின் அண்ணன் தம்பி வழி மகன், அந்த மாதமே ராஜினாமா செய்தார்.

பயம் இல்லையா என்றால், இருக்கிறது. அமீரையே நேராகக் கைநீட்டிப் பேசினால் ஜெயில். முஸல்லம் அல் பர்ராக் என்கிற முன்னாள் எம்.பி. ஒரு மேடைப் பேச்சுக்காக இரண்டு வருடத் தண்டனை பெற்று 2017-ல்தான் வெளியே வந்தார்.

இப்போது அந்தக் கொடுக்கல் வாங்கலே மாறிக்கொண்டிருக்கிறது. 2024 மே மாதம் அமீர் மிஷால் நாடாளுமன்றத்தைக் கலைத்து, சாசனத்தின் சில பிரிவுகளை நாலு வருடம் வரைக்கும் நிறுத்தி வைத்தார். அப்புறம் பல்லாயிரம் பேரின் குடியுரிமையை ரத்து செய்தார்கள், அதில் குவைத்திகளைக் கல்யாணம் செய்து குடியுரிமை வாங்கிய பெண்கள் நிறைய. அந்த நாட்டில் குடியுரிமை போனால் ரேஷன், அரசு வேலை, வீட்டுக் கடன் எல்லாவற்றின் ஆதாரமும் போகிறது. அதனால் 2011-ல் தெருவுக்கு வந்தவர்கள் இப்போது ஏன் வரவில்லை என்று கேட்டால், இந்த முறை மட்டும் உங்கள் "பயமா" என்கிற பாதிக்குத்தான் நான் ஓட்டுப் போடுவேன்.