லென்ஸ் ஈரத்தாள்கள் விமானம் ஏறுகின்றன: ஏ46 விதியைக் காட்டினேன், பொதியை எடுத்துக்கொண்டார்கள்!

வணக்கம் உறவுகளே! இன்றைக்கு எந்தக் கமராவையும் கழற்றப் போவதில்லை. வெளியே காலி வீதி இரைகிறது, 101 பஸ்காரர் ஹோர்னிலிருந்து கையை எடுக்கவேயில்லை. ஆனாலும் இப்போதே கதைத்தாக வேண்டும். ரொறன்ரோவுக்குப் போகவேண்டிய துப்புரவுப் பொதியை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்! லென்ஸ் துடைக்கும் அற்ககோல் ஈரத்தாள்களோடு, ஒன்றைக்கூட வெளியே எடுக்காமல்!

போன கிழமை இதே பொதியைத் திருப்பித் தந்தார்கள். பொதி அனுப்பும் எந்த நிலையம் என்று சொல்ல மாட்டேன், கருத்துப் பகுதியில் கேட்காதீர்கள். கருமபீடத்தில் இருந்த தம்பி பெட்டியைத் திறந்தார், ஓர் உறையைத் தூக்கிப் பார்த்தார், நான் கொடுத்த பாதுகாப்புத் தரவுத் தாளின், அதாவது இரசாயனத்தின் ஆபத்துகளைச் சொல்லும் தாளின், 14ஆம் பகுதியைப் புரட்டினார். அங்கே யூஎன் 1219 என்று, ஆபத்தான பொருட்களுக்கு ஐ.நா. கொடுக்கும் எண் இருந்தது. ஐசோபுரோப்பைல் அற்ககோல், வகுப்பு 3. "அக்கா, இது தீப்பற்றும் திரவம். விமானத்தில் ஏற்ற முடியாது." கதை முடிந்தது.

அதைவிட என் வயிற்றெரிச்சல் அந்தப் பெட்டி. நீங்கள் பார்த்திருப்பீர்கள், புறக்கோட்டைக் காணொளியில் 140 ரூபாய்க்கு வாங்கினேனே, இரட்டைச் சுவர் மட்டைப் பெட்டி, அதுதான். ஒட்டுநாடாவை மட்டும் வெட்டியிருக்கலாம். மூடியின் மடிப்பையே அறுத்துவிட்டார்கள்! புதுப் பெட்டி வேண்டுமென்றால் அவர்களிடமே 350 ரூபாயாம், அதுவும் ஒற்றைச் சுவர். விரலால் அழுத்தினால் உள்ளே போகிறது. நான் வாங்கவில்லை. அறுந்த பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓட்டோவில் வந்தேன்.

சரி, விதிக்கு வருகிறேன். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம், அதாவது அயாட்டா, ஆண்டுதோறும் வெளியிடும் ஆபத்தான பொருட்கள் விதிநூலில் ஏ46 என்று ஒரு சிறப்பு ஏற்பாடு இருக்கிறது. தீப்பற்றும் திரவம் ஒரு திண்மப் பொருளில் உறிஞ்சப்பட்டிருக்க வேண்டும். அது மூடி முத்திரையிட்ட சிறு உறைக்குள் இருக்க வேண்டும். ஓர் உறையில் 10 மில்லிலீற்றருக்குக் குறைவாகவே திரவம் இருக்க வேண்டும்; சரியாகப் பத்து என்றால் ஆகாது. உறைக்குள் தனியாக ஓடும் திரவம் இருக்கவே கூடாது. இவ்வளவும் பொருந்தினால் அந்த உறைகள் விதிநூலின் கட்டுப்பாடுகளுக்குள் வருவதில்லை. கப்பலில் அனுப்புபவர்களுக்கும் இதே கருத்துத்தான், அங்கே அது சிறப்பு ஏற்பாடு 216.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன், முக்கியமானது. எல்லாத் திரவத்துக்கும் இந்தச் சலுகை கிடையாது. தீப்பற்றும் திரவங்களை ஆபத்தின் அளவைப் பார்த்து மூன்று பொதித் தொகுதிகளாகப் பிரிக்கிறார்கள், முதலாவதுதான் மிக ஆபத்தானது. நம்முடையது இரண்டு அல்லது மூன்றில் இருக்க வேண்டும். கொதிக்கத் தொடங்கும் வெப்பநிலை 35 பாகைக்கு மேல், தீப்பற்றும் ஆவி கிளம்பும் வெப்பநிலை 23 பாகைக்குக் கீழ் என்றால் அது இரண்டாம் தொகுதி. ஐசோபுரோப்பைல் ஏறத்தாழ 82 பாகையில் கொதிக்கிறது, 12 பாகையிலேயே தீப்பற்றும் ஆவியைத் தருகிறது. ஆகவே இரண்டாம் தொகுதி. ஈதர் 35 பாகையைத் தொடுவதற்கு முன்பே கொதித்துவிடும். அது முதலாம் தொகுதி, அதற்கு இந்த வாசல் திறக்காது.

இப்போது என் தராசு! செட்டியார் தெருவில் வாங்கிய அதே சின்னத் தராசுதான், எவ்வளவு நல்ல சாமான் பாருங்கள். உறையைப் பிரித்தவுடன் தாள் 2.4 கிராம். மின்விசிறிக்குக் கீழே நன்றாகக் காய்ந்த பிறகு 1.3 கிராம். இடையில் போனது 1.1 கிராம். தாளில் ஊறியிருக்கும் 70 வீத அற்ககோல் தண்ணீரைவிட இலேசானது, ஆகவே கணக்குப் பார்த்தால் ஒன்றேகால் மில்லிலீற்றர் வருகிறது. பத்து எங்கே, ஒன்றேகால் எங்கே!

அடுத்தது, ஓடும் திரவம். உறையின் மூலையை வெட்டி ஒற்றுத்தாளின் மேல் தலைகீழாகப் பிடித்தேன். ஒரு சொட்டும் விழவில்லை. ஆனால் முன்பு மலிவாக வாங்கிய இன்னொரு வகை இருக்கிறதே, பச்சைக் கோடு போட்டது, அதை வெட்டியவுடன் அடியில் தேங்கியிருந்தது வழிந்தது. அளவு பத்துக்குக் குறைவுதான், ஆனாலும் விதியில் விழுந்துவிட்டது. அந்த வகை எனக்கு அடியோடு பிடிக்காது, லென்ஸிலும் கோடு கோடாக விடும். பொதியில் ஒன்றுகூடப் போடவில்லை.

இன்று காலை தம்பி மறுபடியும் யூஎன் 1219-ஐக் காட்டினார். அந்த எண் போத்தலில் இருக்கும் திரவத்துக்குரியது. உறிஞ்சி முத்திரையிட்ட சிறு உறையை ஏ46 தனியாகப் பார்க்கிறது என்றேன். "அக்கா, 200 உறை இருக்கிறதே, எல்லாம் சேர்ந்தால் பத்தைத் தாண்டுமே" என்றார். நல்ல கேள்விதான். ஆனால் விதி ஒவ்வோர் உறையாகத்தான் அளக்கிறது. உள்ளேயிருந்து மூத்த அலுவலர் ஒருவர் வந்து நின்றபடியே ஏ46-ஐ வாசித்தார், ஓர் உறையை வெட்டிக் கவிழ்த்தார், விமான நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தார். பிறகு தம்பியைப் பார்த்துத் தலையசைத்தார். எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது! அந்த அம்மாவுக்கு என் மனமார்ந்த நன்றி.

தொலைபேசி எடுத்தது சரியான செயல். விமான நிறுவனங்கள் விதிநூலைவிடக் கடுமையான சொந்த விதிகளை வைத்திருக்கலாம், அவையும் அதே நூலில் அச்சாகின்றன. "எங்கள் நிறுவனம் எடுப்பதில்லை" என்றால் நான் பேசாமல் வேறு இடம் தேடுவேன். விதியே தடுக்கிறது என்று சொன்னதுதான் எனக்குக் கோபம்.

கட்டுப்பாடு வேண்டாம் என்பவள் அல்ல நான். 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அப்பால் எரிந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். நைத்திரிக் அமிலம் கசிந்த கொள்கலனோடு வந்த கப்பல் அது. பிளாஸ்டிக் மணிகள் நம் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின. பெட்டிக்குள் இருப்பதை ஒளித்து அனுப்புபவர்களை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது. அதனால்தான் "ஐசோபுரோப்பைல் ஈரத்தாள்" என்று வெளிப்படையாக எழுதி, ஏ46-ஐயும் எடை பார்த்த தாளையும் மேலேயே வைத்தேன்.

நகப்பூச்சு நீக்கும் தாள்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அசெற்றோனும் இரண்டாம் தொகுதிதான், தனித்தனி உறையில், சொட்டாமல் இருந்தால் இதே வழி. டப்பாவில் இருந்து இழுத்து எடுக்கும் வகை வேறு. டப்பா முழுவதும் ஒரே கொள்கலன், திரவமும் பத்தை எளிதில் தாண்டிவிடும். அது யூஎன் 3175, வகுப்பு 4.1, அதாவது தீப்பற்றும் திண்மம், முறையான அறிவிப்போடு போகவேண்டிய சரக்கு. வாசனைத் திரவிய மாதிரிக் குப்பிகளும் இதில் சேராது, உள்ளே திரவம் ஓடுகிறதே! அவற்றை ஈரத்தாள் பெட்டிக்குள் செருகிவிடாதீர்கள், முழுப் பொதியும் திரும்பி வந்துவிடும்.

ஐயோ, பெட்டியைச் சொல்ல மறந்துவிட்டேன். இந்த முறை ஒட்டுநாடாவை மட்டும்தான் வெட்டினார்கள். 140 ரூபாய்ப் பெட்டியே ரொறன்ரோ போகிறது!