மோதிவிட்டுப் போன வண்டியும் நீதிமன்றமும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒருவரை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போன வண்டியைப் பற்றிப் பேப்பரில் நாலு வரி வரும். "போலீசார் வழக்குப் பதிந்து விசாரித்து வருகின்றனர்" என்று முடியும். அதற்கு மேல் அந்த வழக்கு என்ன ஆகிறது என்பது பெரும்பாலும் செய்தியாவதில்லை. விபத்து வழக்குகளை நடத்தும் வக்கீல் என்ற முறையில் அந்த மிச்சக் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

"இப்போதெல்லாம் இடித்துவிட்டு ஓடினால் பத்து வருஷமாமே?" என்று பலரும் கேட்கிறார்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவில் இரண்டாம் உட்பிரிவாக அப்படி ஒன்று எழுதப்பட்டிருப்பது உண்மைதான். 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தது அதற்காகத்தான். 2024 ஜூலை 1 அன்று புதிய சட்டம் அமலுக்கு வந்தபோது, மத்திய அரசு அந்த ஓர் உட்பிரிவை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டது. எனவே இன்றைய நிலையில், அஜாக்கிரதையாக ஓட்டி உயிரிழப்பை ஏற்படுத்தினால் 106(1)-ன்படி அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, அபராதம். பழைய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவில் இது 2 ஆண்டாக இருந்தது.

சரி, ஓடிப்போனதற்கு? அது மோட்டார் வாகனச் சட்டத்தில் தனியாக இருக்கிறது. அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும், 24 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்தில் தகவல் சொல்ல வேண்டும் என்கிறது 134-வது பிரிவு. மீறினால் முதல் தடவைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும் சார்" என்று ஓட்டுநர்கள் சொல்வதைச் சட்டமும் யோசித்திருக்கிறது. கூட்டத்தின் ஆத்திரத்துக்குப் பயந்து அடிபட்டவர் அருகில் நிற்க முடியாமல் போனால் அது ஒரு காரணம்தான். ஆனால் அங்கிருந்து கிளம்பியவர் போக வேண்டிய இடம் காவல் நிலையம். வீட்டுக்குப் போய் வண்டிக்கு உறை போட்டு மூடுவதற்கு எந்தப் பிரிவிலும் இடமில்லை.

ஓடியதற்கான தண்டனை சின்னதாகத் தெரிகிறது அல்லவா? ஓடியதால் கெட்டுப்போகும் சாட்சியம்தான் பெரிது. அந்த வண்டியை ஓட்டியவர் இவர்தான் என்பதையும், அஜாக்கிரதையாக ஓட்டினார் என்பதையும் அரசுத் தரப்பு சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். ஓட்டுநர் நின்றிருந்தால் முதல் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும். ஓடிவிட்டால் முதல் தகவல் அறிக்கையில் "அடையாளம் தெரியாத வாகனம்" என்று எழுதுவதில் தொடங்கி, எல்லாவற்றையும் துண்டு துண்டாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

அந்தத் துண்டு என்பது பல நேரம் நிஜமாகவே ஒரு துண்டுதான். சாலையில் கிடக்கும் முகப்பு விளக்கின் பிளாஸ்டிக் சில்லு. அதைப் பார்வை மகஜரில், அதாவது சம்பவ இடத்தில் பார்த்ததைப் போலீசார் பதியும் குறிப்பில் எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கி, உறையில் போட்டுக் கைப்பற்றியிருந்தால், பிறகு வண்டி பிடிபடும்போது அதன் உடைந்த விளக்கோடு பொருத்திப் பார்க்கலாம். மோட்டார் வாகன ஆய்வாளர் எங்கே நசுங்கல், எங்கே கீறல் என்று எழுதும் அறிக்கையும் அதோடு சேர்ந்து பேசும். சுங்கச்சாவடி கேமரா, கடை வாசல் கேமரா எல்லாமும் உதவும். அவற்றின் பதிவு சில நாளில் அழிந்துவிடும் என்பதால் உடனே எடுத்தாக வேண்டும்.

வண்டி கிடைத்தாலும் ஓட்டியவர் யார் என்ற கேள்வி அப்படியே நிற்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 133-வது பிரிவின்படி, காவல்துறை கேட்டால் அந்த நேரத்தில் யார் ஓட்டியது என்று உரிமையாளர் சொல்லியே ஆக வேண்டும். இந்த நோட்டீஸை ஒழுங்காகக் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்கி வைத்த வழக்குகள் பிழைக்கின்றன. அதை விட்டுவிட்டு, இரவில் சில விநாடி பார்த்த ஒருவரைக் கூண்டில் ஏற்றினால் குறுக்கு விசாரணை இப்படித்தான் போகும்: "விளக்குக் கம்பம் எவ்வளவு தூரத்தில் இருந்தது? நீங்கள் திரும்பிப் பார்த்தது சத்தம் கேட்ட பிறகுதானே? ஓட்டுநர் முகத்தை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தீர்கள்? அடையாள அணிவகுப்பு நடந்ததா?" கடைசியில் சாட்சி, "வண்டி வேகமாக வந்தது" என்ற ஒரே வாக்கியத்தில் நிற்பார். வேகம் என்று மட்டும் சொன்னால் போதாது, அதை வைத்தே அஜாக்கிரதை என்று முடிவு கட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1998-லேயே சொல்லிவிட்டது. விடுதலை.

எல்லா வழக்கும் முழு விசாரணைக்குப் போவதில்லை. காயத்தோடு போன வழக்குகளில் நீதிமன்ற அனுமதியுடன் காயப் பிரிவுக்குச் சமரசம் உண்டு. சின்னக் காயம் என்றால் பலர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டுப் போகிறார்கள். உயிர் போயிருந்தால் அந்த வழி இல்லை. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்தாலும் குற்ற வழக்கை விசாரிக்கும் நடுவர் (மாஜிஸ்திரேட்) மன்றத்தில் அது சமரசமாகாது. குடித்துவிட்டு, ஆள் சாவார் என்று தெரிந்தே ஓட்டியதாகக் கருதத்தக்க வழக்குகள் இன்னும் தீவிரமான பிரிவில் செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் போகும். 1999-ல் டெல்லியில் பி.எம்.டபிள்யூ. கார் மோதி ஆறு பேர் இறந்த வழக்கில், ஓட்டியவர் அந்தக் கடுமையான பிரிவில்தான் குற்றவாளி என்று உச்ச நீதிமன்றம் 2012-ல் சொன்னது. ஆனால் ஏற்கெனவே அனுபவித்த சிறை போதும் என்று விட்டு, 50 லட்சம் ரூபாயும் சமூக சேவையும் விதித்தது. எனக்கு அந்தத் தண்டனை இன்னமும் உறுத்துகிறது.

குற்ற வழக்கில் விடுதலை ஆகிவிட்டால் எல்லாம் போச்சு என்று குடும்பங்கள் இடிந்துபோகின்றன. அப்படியில்லை. இழப்பீடு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தின் வேலை. அங்கே சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் வேண்டாம். எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும். நடுவர் மன்றத்து விடுதலை அந்த மனுவை முடக்காது.

கடைசிவரை வண்டியே கிடைக்காவிட்டால்? துப்புத் துலங்கவில்லை என்று காவல் நிலையம் கோப்பை மூடினாலும் ஒரு வழி இருக்கிறது. இடித்துவிட்டு ஓடிய வண்டியால் பாதிக்கப்பட்டவர்களுக்காக 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மத்திய அரசுத் திட்டத்தின்படி, இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய், கொடுங்காயம் அடைந்தவருக்கு 50,000 ரூபாய். இதற்குக் கோர்ட்டு படி ஏற வேண்டாம். விபத்து நடந்த பகுதியின் வருவாய்த் துறை விசாரணை அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும், கலெக்டர் அனுமதிப்பார். ஆனால் யாருக்குத் தெரிகிறது? 2022-ல் நாடு முழுக்க இடித்துவிட்டு ஓடிய விபத்துகள் 67,387. அந்த 2022-23 நிதியாண்டில் வந்த விண்ணப்பங்கள் வெறும் 205. கோவை எலும்பு சிகிச்சை மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடர்ந்த பொதுநல வழக்கில் இந்தக் கணக்கைப் பார்த்த உச்ச நீதிமன்றம், 2024 ஜனவரியில் ஓர் உத்தரவு போட்டது. ஒரு மாதத்துக்குள் வண்டி அடையாளம் தெரியாவிட்டால், இப்படி ஒரு திட்டம் இருக்கிறது என்று பாதிக்கப்பட்டவருக்குக் காவல்துறை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

அந்தக் கடிதம் உங்களுக்கு வராவிட்டால் நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கையோடு எடுத்துப் போங்கள். இந்தத் தொகையை வாங்கிய பிறகு வண்டி பிடிபட்டால், தீர்ப்பாயத்துக்கும் போகலாம். அங்கே கிடைக்கும் இழப்பீட்டில் இதைக் கழித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

நன்றி, வணக்கம்.