நாயும் நான்சன் சீட்டும்

தலைமை ஏற்றிருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, முன்னிலை வகிக்கும் நூலகப் புரவலர் ஐயா அவர்களே, என்னை "சரித்திரக் கடல்" என்று அறிமுகம் செய்து இந்தக் குளத்தைப் பதற வைத்துவிட்ட வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துத் தோற்றுப்போன என் பழைய ஆசிரியர் அவர்களே, பின்வரிசையில் சீருடையோடு அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். மழை வரும் போலிருக்கிறது என்று தெரிந்தும் பந்தல் போட்டுக்கொடுத்த அன்பருக்குத் தனி வணக்கம்.

முதல் உலகப்போருக்குப் பிறகு அமைதி காக்கப் பிறந்த, 'லீக் ஆஃப் நேஷன்ஸ்' என்ற பன்னாட்டுச் சங்கத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று செய்திகளைச் சொல்வேன். அது பிறந்த கதை, அது காத்த அமைதி, தோற்ற நாடுகளின் காலனிகளைப் பங்கிட்டுக்கொண்ட 'ஆணைப் பிரதேச' ஏற்பாடு.

பிறந்த கதை சிறியது. யோசனைக்காக மல்லுக்கு நின்றவர் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன். 1920 ஜனவரியில் சங்கம் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அவருடைய நாட்டு செனட் ஒப்புதல் தரவில்லை; அமெரிக்கா கடைசிவரை சேரவே இல்லை. கல்யாணத்தைப் பேசி முடித்தவர் வீட்டிலிருந்து ஒருவரும் பந்திக்கு வராத கதை. இன்னொரு வேடிக்கை: அடிமைப்பட்டிருந்த இந்தியா அதில் தொடக்க உறுப்பினர்! 1921-இல் இந்தியாவின் சார்பில் ஜெனீவாவுக்குப் போனவர் நம் பக்கத்து வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரியார். கைதட்டலாம், நம் ஊர்க்காரர்தான்.

அடுத்தது அமைதி. 'வல்லான் வகுத்ததே வாய்க்கால்' என்று நம் முன்னோர் சொன்னார்கள். கடைமடைக்காரர்களான உங்களுக்கு நான் பொருள் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சங்கத்தின் வரலாறு முழுக்க இந்தப் பழமொழிக்கு எழுதிய உரைதான்.

1925 அக்டோபர். கிரீஸ்–பல்கேரியா எல்லையில், பெட்ரிச் ஊருக்கு அருகே ஒரு மலைக் கணவாய். கிரேக்கச் சிப்பாய் ஒருவனின் நாய் எல்லை தாண்டி ஓடிவிட்டது என்று ஒரு கதை உண்டு. நாய்க்கு எல்லை தெரியுமா? அதற்குப் பாஸ்போர்ட் உண்டா? (இந்த பாஸ்போர்ட்டை நினைவில் வையுங்கள், திரும்ப வருவேன்.) நாயைப் பிடிக்க அவனும் ஓடினான். பல்கேரியக் காவலன் சுட்டான், சிப்பாய் செத்தான். நாய் என்ன ஆயிற்று என்று எந்தச் சரித்திர ஆசிரியரும் கவலைப்படவில்லை. நாயே கட்டுக்கதை என்பாரும் உண்டு. சூடு பட்டது மட்டும் உண்மை. ஏதென்ஸில் ஆட்சியைப் பிடித்து உட்கார்ந்திருந்தவர் ஜெனரல் பங்கலோஸ். மன்னிப்புக் கேள், நஷ்டஈடு கொடு என்றார். பதிலுக்குக் காத்திருக்கவும் பொறுமையில்லை, படையை உள்ளே அனுப்பிவிட்டார். போரில் தோற்று ராணுவத்தைக் குறைத்துக்கொண்ட பல்கேரியாவால் என்ன செய்ய முடியும்? சங்கத்துக்குத் தந்தி அடித்தது. அப்போது சங்கத்தின் அவைக்குத் தலைவர் பிரான்சின் பிரியான். சண்டையை நிறுத்துங்கள், அவரவர் எல்லைக்குப் பின்னே போங்கள் என்று இரு தரப்புக்கும் தந்தி பறந்தது. சங்கத்திடம் ஒரு போலீஸ்காரர்கூடக் கிடையாது. ஆனாலும் பத்து நாளுக்குள் கிரேக்கப் படை திரும்பிப் போனது. விசாரணைக் குழு போய்ப் பார்த்து, கிரீஸ் 45,000 பவுன் கொடுக்க வேண்டும் என்றது. கொடுத்தார்கள்.

நீங்கள் தட்டுகிறீர்கள். கிரேக்கர்கள் தட்டவில்லை. ஏனென்றால் இரண்டு வருடத்துக்கு முன்பு, 1923-இல், இதே கிரேக்க மண்ணில் இத்தாலியத் தளபதி ஒருவர் கொல்லப்பட்டார். முசோலினி கோர்ஃபூ தீவைக் குண்டு வீசிப் பிடித்துக்கொண்டார். அப்போது நஷ்டஈடு கொடுத்தது யார்? குண்டு வீசியவரா? இல்லை, குண்டு வாங்கிய கிரீஸ். ஐந்து கோடி லிரா! வல்லான் வகுத்ததே வாய்க்கால்.

அந்தக் கோர்ஃபூ குண்டில் செத்தவர்கள் யார் தெரியுமா? பழைய கோட்டைக்குள் தங்கவைக்கப்பட்டிருந்த அகதிகள். குழந்தைகளும் உண்டு. இந்த இடத்துக்கு வரத்தான் இவ்வளவு நேரம் நாயைப் பிடித்து ஓடினேன்.

சங்கத்தில் எனக்குப் பிடித்தவர் ஒரே ஒருவர்: நார்வேயின் பிரிட்யோஃப் நான்சன். பனிச்சறுக்கில் கிரீன்லாந்தைக் கடந்த மனிதர். போர்க்கைதிகள் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வீடு சேர்த்தார். ரஷ்யப் புரட்சிக்குப் பின் வெளியேறியவர்களின் குடியுரிமையை 1921-இல் சோவியத் அரசு பறித்தது. எந்த நாடும் சொந்தமில்லாத லட்சக்கணக்கானோருக்கு 1922-இல் நான்சன் ஒரு தாள் வாங்கிக் கொடுத்தார். அதுவே நான்சன் பாஸ்போர்ட். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதை ஏற்றன. இசைமேதை ஸ்ட்ராவின்ஸ்கி அந்தத் தாளோடுதான் பயணம் செய்தார்.

அம்மையார் கடிகாரத்தைப் பார்க்கிறார், பொறுத்தருள வேண்டும். 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து படகேறி வந்தவர்கள் இன்னும் நம் மாநில முகாம்களில் இருக்கிறார்கள். 2021-இல் பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள், நல்ல பெயர்தான். அங்கே பிறந்த பிள்ளைகள் நம் பாடப்புத்தகத்தையே படித்தவர்கள். ஆனால் 1987 ஜூலை முதல் பிறந்தவர்களுக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இல்லாவிட்டால் பிறப்பால் குடியுரிமை இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயரே இல்லை. 1951-இன் அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவும் இல்லை. நூறு வருடத்துக்கு முன் படையில்லாத சங்கம் கொடுத்த ஒரு தாளை, இத்தனை பெரிய நாடு கொடுக்க முடியாதா? வல்லான் வகுத்ததுதான் வாய்க்கால் என்றால், வல்லவர்களே, இந்தப் பக்கமும் ஒரு மடையைத் திறந்துவிடுங்கள்.

ஆணைப் பிரதேசங்களுக்கு நேரமில்லை. செயலாளர் இன்னொரு நாள் கூப்பிட்டால் வருகிறேன். வாசலில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு மேசையும் மனுவும் இருக்கின்றன. பேனா இரண்டுதான் உண்டு. மழைக்கு முன் வரிசையில் வாருங்கள்.