தண்டனையாகச் சாப்பாடு கேட்ட கைதி: ஏதென்ஸ் நீதிமன்றத்தின் ஒரு நாள்

(திரையில்: ஏதென்ஸ், கி.மு. 399)

குற்றவாளி என்று தீர்ப்பு வந்துவிட்டது. எதிர்த்தரப்பு மரண தண்டனை கேட்கிறது. "உங்களுக்கு என்ன தண்டனை தரலாம், நீங்களே சொல்லுங்கள்" என்று குற்றம் சாட்டப்பட்டவரிடம் கேட்கிறார்கள். ஊர்ச் செலவில் வாழ்நாள் முழுவதும் எனக்குச் சாப்பாடு போடுங்கள் என்கிறார் அவர்!

வணக்கம் நண்பர்களே. அந்த மனிதர் தத்துவஞானி சாக்ரடீஸ். வயது 70. அறம், அரசியல், எது உண்மை என்ற மூன்று கேள்விகளையும் அவருடைய மாணவர் பிளேட்டோ ஒரே முடிச்சாகப் போட்டதற்குக் காரணம் இந்த ஒரு நாள்தான் என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

பின்னணியை விரைவாக முடித்துவிடலாம். கி.மு. 404-இல் ஸ்பார்ட்டாவிடம் ஏதென்ஸ் தோற்றது. ஜனநாயகம் கலைந்து, முப்பது பேரின் கொடுங்கோலாட்சி வந்தது. அதை முன்னின்று நடத்திய கிரிட்டியாஸ், ஒருகாலத்தில் சாக்ரடீஸுடன் பழகியவன். பிளேட்டோவுக்குத் தாய்வழி உறவு. மறு ஆண்டே மக்களாட்சி திரும்பியது. கசப்பு போகவில்லை. மெலீட்டஸ், அனீட்டஸ், லைகான் என்ற மூவர் வழக்குத் தொடுத்தார்கள். ஊர்த் தெய்வங்களை ஏற்கவில்லை, புதுத் தெய்வங்களைக் கொண்டுவருகிறார், இளைஞர்களைக் கெடுக்கிறார். இவைதான் குற்றச்சாட்டுகள்.

இனி நீதிமன்றத்துக்குள் போவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நிதானமாகவே போகிறேன்.

அங்கே நீதிபதி கிடையாது. அரசு வக்கீல் கிடையாது. மேல்முறையீடும் கிடையாது. 30 வயதைக் கடந்த சாதாரணக் குடிமக்கள் சுமார் 500 பேர் உட்கார்ந்து கேட்டு, வாக்களித்து, அன்றைக்கே முடித்துவிடுவார்கள். அவர்கள் குலுக்கலில் வந்தவர்கள். ஆண்டுக்கு 6,000 பேர் கொண்ட பட்டியல். ஒரு நாள் கூலி மூன்று ஓபல் காசு.

(திரையில்: துளைகள் கொண்ட கல் பலகை)

அடுத்த சில பத்தாண்டுகளில் இந்தக் குலுக்கலுக்கு ஓர் இயந்திரமே செய்துவிட்டார்கள். ஆள் உயரக் கல் பலகை. அதில் வரிசை வரிசையாகத் துளைகள். குடிமகன் ஒவ்வொருவரும் தன் பெயர் பொறித்த தகட்டைக் கொடுக்க, அதை ஒரு துளையில் செருகுவார்கள். பக்கத்தில் ஒரு குழாய். அதன் வழியே வெள்ளையும் கறுப்புமாக உருண்டைகள் விழும். வெள்ளை விழுந்தால் அந்த வரிசை முழுவதும் இன்று ஜூரி. கறுப்பு விழுந்தால் அந்த வரிசை வீட்டுக்குப் போகலாம். எந்த வழக்கை யார் கேட்பார்கள் என்பது காலைவரை யாருக்கும் தெரியாது. அப்புறம் யாருக்கு லஞ்சம் கொடுப்பது? என்ன அருமையான யோசனை!

வாக்கு வில்லைகள் அதைவிட அழகு. ஆளுக்கு இரண்டு வெண்கல வில்லைகள். நடுவில் ஓர் அச்சு. ஒன்றில் அச்சு உள்ளீடற்றது: வழக்குத் தொடுத்தவருக்கு. மற்றதில் கெட்டியானது: எதிராளிக்கு. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அச்சின் இரு முனைகளையும் மூடிக்கொண்டு போய்ப் போட்டால், பக்கத்தில் நிற்பவனுக்குக்கூட எதைப் போட்டோம் என்று தெரியாது.

பேச்சுக்கு நீர்க்கடிகாரம். பானையில் நீர் தீர்ந்தால் பேச்சும் தீர்ந்தது. ஏதென்ஸின் பழைய சந்தைத் திடலான அகோராவில் அப்படி ஒரு மண்பானையைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். 6.4 லிட்டர் கொள்ளும், ஆறே நிமிடத்தில் வடிந்துவிடும். சாக்ரடீஸ் வாழ்ந்த காலத்துப் பானை. அதன்மேல் எழுதியிருப்பது 'அந்தியோகிஸ்' என்ற ஏதென்ஸ் குடிமக்கள் பிரிவின் பெயர். சாக்ரடீஸ் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் தெரியுமா? அதே அந்தியோகிஸ்! இந்தத் தகவலைப் படித்த அன்று எனக்குச் சிலிர்த்துவிட்டது. உங்களுக்கும் அப்படி இருந்தால் ஒரு லைக் போடுங்கள்.

சரி, வழக்குக்கு வருவோம். முப்பது வாக்குகள் மாறியிருந்தால் விடுதலை, அவ்வளவு நெருக்கம். அடுத்தது தண்டனைக்கான வாக்கெடுப்பு. இரு தரப்பும் ஆளுக்கொரு தண்டனையைச் சொல்ல, ஜூரிகள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாடுகடத்துங்கள் என்று சாக்ரடீஸ் சொல்லியிருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பார். அவரோ, ஒலிம்பிக் வெற்றியாளர்களுக்கு ஊர் மண்டபத்தில் போடும் சாப்பாட்டை எனக்குப் போடுங்கள் என்றார். பிறகு நண்பர்கள் வற்புறுத்தி 30 மினா வெள்ளி அபராதம் என்று மாற்றினார்கள். அதற்குப் பிணை நின்றவர்களில் ஒருவர் பிளேட்டோ. ஆம், அவர் அங்கேயே இருந்தார், முப்பது வயதுகூட ஆகாத இளைஞராக. மரண தண்டனை உறுதியானது. அவர் நிரபராதி என்று முதலில் வாக்களித்தவர்களிலேயே 80 பேர் இப்போது மரணத்துக்கு வாக்களித்தார்கள் என்கிறது பிற்காலக் குறிப்பு ஒன்று.

இப்போது பிளேட்டோவின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். நடைமுறையில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஊரிலேயே நேர்மையான மனிதர் என்று தான் நம்பியவர் நஞ்சு குடித்துச் செத்தார். நீதி என்பது எண்ணிக்கைதான் என்றால், சாக்ரடீஸ் உண்மையாகவே குற்றவாளி. இல்லை என்றால், வில்லைகளை எண்ணித் தீர்மானிக்க முடியாத நீதி என்று ஒன்று எங்கோ இருந்தாக வேண்டும். பிளேட்டோவின் 'வடிவங்கள்' கோட்பாட்டை நான் இப்படித்தான் படிக்கிறேன். நாம் காணும் நீதியான செயல்கள் மாறும், மங்கும். நீதி என்பதோ மாறாதது, புலனுக்கு எட்டாதது, அறிவால் மட்டும் எட்டக்கூடியது.

'குடியரசு' நூலில் வரும் குகைக் கதை பலருக்கும் தெரியும். சுவரில் நிழல்களைப் பார்த்தபடி கட்டுண்டு கிடக்கும் மனிதர்கள், வெளியே போய்ச் சூரியனைப் பார்த்துத் திரும்பும் ஒருவன். பலரும் விட்டுவிடும் வரி ஒன்று அதில் இருக்கிறது: திரும்பி வந்து விடுவிக்க முயல்பவன் கையில் சிக்கினால், அவனைக் கொன்றுவிட மாட்டார்களா? இதை எழுதும்போது பிளேட்டோ யாரை நினைத்திருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தப்பிக்க வழி இருந்தும் சாக்ரடீஸ் தப்பவில்லை. நமக்கு அநீதி இழைத்தவர்களுக்குக்கூட நாம் அநீதி செய்யக் கூடாது என்றார். அறத்தில் இதற்குமேல் ஒரு படி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் பிளேட்டோ சொன்ன அரசியல் தீர்வு, தத்துவஞானிகளே ஆள வேண்டும் என்பது, எனக்கு ஏற்பில்லை. நோயைச் சரியாகக் கண்டார், மருந்து ஆபத்தானது. அந்த ஞானி தவறினால் யார் கேட்பது? பிளேட்டோவின் மாணவரே மாறுபட்டார். தனித்தனியே சாதாரணமானவர்கள் ஒன்றுகூடும்போது, சிறந்த சிலரைவிட நன்றாகத் தீர்மானிக்கக்கூடும். பலர் பங்களித்த விருந்து ஒருவர் செலவில் போட்ட விருந்தைவிடச் சிறப்பது போல, என்று எழுதினார் அரிஸ்டாட்டில். அவர் மீதும் கி.மு. 323-இல் இதே தெய்வநிந்தனைக் குற்றச்சாட்டு வந்தது. அவர் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. கல்கிஸ் நகருக்குப் போய்விட்டார்.

நான் சொன்ன இயந்திரமும் வில்லைகளும் நமக்கு இவ்வளவு விவரமாகத் தெரிவது அரிஸ்டாட்டிலோ அவர் மாணவர்களோ எழுதிய ஒரு நூலால்தான். பல நூற்றாண்டுகள் காணாமல் போயிருந்த அது, எகிப்தில் பண்ணைக் கணக்கு எழுதிய பாப்பிரஸ் சுருள்களின் மறுபக்கத்தில் கிடைத்து, 1891-இல் அச்சானது. அடுத்த வீடியோ அந்தச் சுருள்களைப் பற்றித்தான். அதற்குள் நீங்கள் சொல்லுங்கள்: அன்று அந்த 500 பேரில் ஒருவராக இருந்து, சாப்பாடு போடுங்கள் என்று அவர் சொன்னதையும் கேட்டிருந்தால், இரண்டாவது வாக்கை எந்தப் பக்கம் போட்டிருப்பீர்கள்? காரணத்தோடு எழுதுங்கள், எல்லாவற்றையும் படிக்கிறேன்.