வயர்லெஸ்ஸில் சொல்லாததைக் கைபேசியில் சொல்கிறோம்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கடலுக்குப் போகிறவர்கள் வயர்லெஸ்ஸில் எல்லாவற்றையும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. கடலடியில் பாறை நிறைந்த ஒரு பாரின் ஓரத்தில் நல்ல மீன்பாடு கிடைத்தால், சொந்தத் தம்பியின் படகை அழைப்பதற்குக்கூட இடத்தின் பெயரைச் சொல்லாமல், கரையிலேயே பேசிவைத்துக்கொண்ட ஏதாவது ஒரு சொல்லைத்தான் அண்ணன் சொல்வார். அதே அலைவரிசையில் இன்னும் பல படகுகள் காதைத் தீட்டிக்கொண்டிருக்கின்றன என்பது அவருக்குத் தெரியும். அதே மனிதர் கரையேறி வந்த பிறகு, மகளின் கல்யாணப் பேச்சையும், வட்டிக்கு வாங்கிய கடனின் கணக்கையும், மனைவியின் ஸ்கேன் அறிக்கையையும், ஆதார் அட்டையின் இரண்டு பக்கங்களையும், யார் கையில் போய்ச் சேரும் என்று ஒரு நொடிகூட யோசிக்காமல் கைபேசியில் அனுப்பிவிடுகிறார். கடலில் இருக்கும் எச்சரிக்கை கரையில் நமக்கு ஏன் இல்லாமல் போகிறது என்ற கேள்வியோடுதான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

நான் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் பகுதியில் மாணவர்களுக்குக் கணினி கற்பிக்கிறவன். என் தம்பி விசைப்படகில் போகிறவன். சில ஆண்டுகளுக்கு முன், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், எங்கள் தெருவினர் நிவாரணத்துக்கு விண்ணப்பிப்பதை எளிதாக்கலாம் என்று எண்ணி நானே ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். ஆதார், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், குடும்ப அட்டை ஆகியவற்றைப் படமெடுத்துக் குழுவில் போடும்படி சொன்னதும் நான்தான். இரண்டே நாளில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்துவிட்டார்கள். யார் யாரைச் சேர்த்தார்கள் என்பது எனக்கே தெரியாது. மூன்றாவது வாரத்தில், பாசி எடுக்கப் போகும் ஒரு பெண் என் வீட்டு வாசலுக்கு வந்தார். இரவு பத்து மணிக்கு மேல் அறிமுகமில்லாத ஒருவன் பெயர் சொல்லி அழைக்கிறான், ஊரும் கணவர் பெயரும் சொல்கிறான், என் எண் அவனுக்கு எப்படிக் கிடைத்தது சார் என்று கேட்டார். அவர் குழுவில் ஒரு வரிகூட எழுதியதில்லை. குழுவில் சேர்ந்ததே போதும், அத்தனை பேருக்கும் அவருடைய எண் தெரிந்துவிட்டது. குடும்ப அட்டையின் படம் மற்றதைச் சொல்லிவிட்டது. குழுவை அன்றிரவே கலைத்தேன். ஆனால் இருநூறு கைபேசிகளின் படத்தொகுப்பில் தானாக இறங்கிவிட்ட அந்தப் படங்களை என்னால் திரும்ப எடுக்க முடியவில்லை. அந்தப் பெண்ணுக்கு நான் சொல்ல வேண்டிய பதிலைத் தேடிப் படிக்கத் தொடங்கியதன் விளைவுதான் இந்த உரை.

முதலில் வாட்ஸ்அப்புக்கு உரிய நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். 2016 முதல் அதில் செய்திகளுக்கு முழு மறையாக்கம் இருக்கிறது. அதாவது உங்கள் கைபேசியில் பூட்டப்படும் செய்தி, பெறுபவரின் கைபேசியில்தான் திறக்கும். நடுவில் அதைச் சுமந்து செல்லும் நிறுவனத்தால் படிக்க முடியாது. அதற்கு அடிப்படையாக இருப்பதும் சிக்னல் என்ற இன்னொரு செய்திச் செயலிக்காக உருவாக்கப்பட்ட அதே மறையாக்க முறைதான். அப்படியானால் வேறென்ன குறை என்று நீங்கள் கேட்கலாம்.

ஏலக்கூடத்தை நினைத்துப் பாருங்கள். ஐஸ் போட்டு மூடிய பெட்டிக்குள் என்ன மீன் இருக்கிறது என்று வெளியில் நிற்பவருக்குத் தெரியாது. ஆனால் எந்தப் படகிலிருந்து இறங்கியது, எத்தனை பெட்டி, எந்த வியாபாரி எடுத்தார், லாரி எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று நாள்தோறும் குறித்துக்கொண்டே வரும் ஒருவர், ஒரு மாதத்தில் பெட்டியைத் திறக்காமலேயே அந்தப் படகுக்காரரின் வரவு செலவைச் சொல்லிவிடுவார். செய்திச் செயலிகளிலும் அப்படித்தான். நீங்கள் யாரோடு பேசினீர்கள், எத்தனை மணிக்குப் பேசினீர்கள், எந்தக் குழுக்களில் இருக்கிறீர்கள், எந்தக் கைபேசியில் எந்த இணைய இணைப்பின் வழியாக வந்தீர்கள், உங்கள் தொலைபேசிப் புத்தகத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பவை பெட்டிக்கு வெளியே எழுதப்பட்ட விவரங்கள். இதைத்தான் மீத்தரவு என்கிறார்கள். மருத்துவமனை எண்ணுக்கு மூன்று முறை, அடுத்து அடகுக் கடைக்கு, அடுத்து வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு என்று ஒரு வீட்டிலிருந்து அழைப்புகள் போனால், உள்ளே பேசியதைக் கேட்காமலேயே அந்த வீட்டின் துன்பம் வெளியில் தெரிந்துவிடும்.

2014-இல் வாட்ஸ்அப்பை வாங்கியது ஃபேஸ்புக் நிறுவனம், இன்றைய மெட்டா. அதன் வருமானத்தின் பெரும்பகுதி விளம்பரத்திலிருந்து வருகிறது. விளம்பரத்துக்கு மனிதர்களைப் பற்றிய விவரம்தான் மூலப்பொருள். 2021 ஜனவரியில், தரவுப் பகிர்வு பற்றிய புதிய நிபந்தனைகளை ஏற்றுக்கொள்ளும்படி நம் எல்லோருடைய திரையிலும் ஓர் அறிவிப்பு வந்தது நினைவிருக்கும். நம்மில் பெரும்பாலோர் படிக்காமலே ஒப்புக்கொண்டோம். அந்த அறிவிப்பு தொடர்பாகத்தான் இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வழக்கு பிறகு மேல்முறையீட்டுக்கும் போனது. அதற்கும் முன்பே, 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தனியுரிமை அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்துவிட்டது. பாசி எடுக்கும் அந்தப் பெண்ணுக்கும் சேர்த்துத்தான் அந்தத் தீர்ப்பு.

ஆகவே ஒரு மாற்றுச் செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது, அது என்ன வாக்குறுதி கொடுக்கிறது என்று கேட்பதைவிட, நம்மைப் பற்றி அதற்கு என்னவெல்லாம் தெரியாது என்று கேட்பதே சரியான கேள்வி என்று நான் நினைக்கிறேன். தெரியாததை யார் வந்து கேட்டாலும் கொடுக்க முடியாது. சிக்னல் விஷயத்தில் இது நடந்தே இருக்கிறது. 2016-இல் அமெரிக்காவில் ஒரு விசாரணைக்காகப் பயனர் விவரங்களைக் கேட்டு ஆணை வந்தபோது, அவர்களால் கொடுக்க முடிந்தவை இரண்டே விவரங்கள்: அந்தக் கணக்கு தொடங்கப்பட்ட நேரம், அது கடைசியாக இணைந்த நாள். தொடர்பு எண்கள் இல்லை, குழுக்கள் இல்லை, பேச்சு இல்லை. அதை நடத்துவது 2018-இல் தொடங்கப்பட்ட, இலாப நோக்கமற்ற ஓர் அறக்கட்டளை. வாட்ஸ்அப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான பிரையன் ஆக்டன், அந்த நிறுவனத்தை விட்டு வெளியேறி, 5 கோடி டாலர் கொடுத்து இதைத் தொடங்கி வைத்தார். விளம்பரம் கிடையாது, செயலி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டும் மூலநிரலை யாரும் எடுத்துச் சோதித்துப் பார்க்கலாம்.

டெலிகிராமைப் பற்றி நம் இளைஞர்களிடம் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. அதில் நாம் வழக்கமாகத் திறக்கும் உரையாடல்களுக்கு முழு மறையாக்கம் இல்லை. இரகசிய உரையாடல் என்று தனியாகத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே உண்டு. அதுவும் இருவருக்குள்தான், குழுக்களுக்குக் கிடையாது. சினிமாப் படம் இறக்குவதற்கு எத்தனை வசதியாக இருந்தாலும், குடும்ப விஷயம் பேசுவதற்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். நம் தமிழ்நாட்டு நிறுவனமான ஜோஹோவின் அரட்டை செயலி 2025-இல் திடீரென்று பரவியபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அப்போது அதில் அழைப்புகளுக்கு இருந்த முழு மறையாக்கம் எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. நம்முடையது என்பதற்காக அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடக் கூடாது. கைபேசியில் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு உரையாடலிலும் அது வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டு பயன்படுத்துங்கள். தொலைபேசி எண்ணே கேட்காத த்ரீமா, இணையம் இல்லாத இடத்தில் புளூடூத் வழியாகவும் செய்தி அனுப்பும் பிரையர், தனித்தனி வழங்கிகளில், அதாவது சர்வர்களில், இயங்கும் எலமென்ட் ஆகியவை தொழில்நுட்பத்தில் மிகச் சிறந்தவை. இருந்தாலும் 2023 மே மாதம் ஒன்றிய அரசு தடை செய்த 14 செயலிகளில் இந்த மூன்றும் இருந்தன. எல்லைக் கடலை ஒட்டி வாழும் நம் மக்களுக்கு, சோதனைக்கு மேல் சோதனையைச் சந்திக்கும் நம் பிள்ளைகளுக்கு, அவற்றை நிறுவிக்கொள்ளுங்கள் என்று நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்து, எங்கள் தெருவுக்கு நான் சொன்னது சிக்னல். அதற்கு முதற்காரணம் அந்தப் பெண் கேட்ட கேள்விதான். சிக்னலில் பதிவு செய்வதற்குத் தொலைபேசி எண் இன்றும் வேண்டும்; ஆனால் 2024 தொடக்கத்திலிருந்து, உங்கள் எண்ணை ஏற்கெனவே சேமித்து வைத்திருப்பவரைத் தவிர மற்றவருக்கு, குழுவில் இருந்தாலும், அது தெரியாது. செயலியின் அமைப்புகளுக்குள் (செட்டிங்ஸ்) தனியுரிமை என்ற பகுதியில் தொலைபேசி எண் என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே, எண்ணை வைத்து உங்களைத் தேடிக் கண்டுபிடிப்பதையும் நிறுத்திவிடலாம். அதற்குப் பதிலாக ஒரு பயனர் பெயரை வைத்துக்கொண்டு, வேண்டியவருக்கு மட்டும் அதைக் கொடுக்கலாம். செய்தி ஒரு நாளிலோ ஒரு வாரத்திலோ இரண்டு பக்கமும் தானே அழியும்படி வைப்பதும் எளிது. ஆனால் பெறுகிறவர் திரையைப் படம் பிடித்துக்கொண்டால் எந்தச் செயலியாலும் ஒன்றும் செய்ய முடியாது என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை.

நம் ஊருக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. இங்கே கைபேசிகள் உப்புத் தண்ணீரில் சாகின்றன. வள்ளத்தில் ஏறும்போது மடியிலிருந்து நழுவி விழுந்த கைபேசியோடு, சிக்னலில் இருந்த பழைய பேச்சும் படங்களும் போய்விடும். நாம் வைத்திருக்கும் பின் (PIN) எண்ணைக் கொண்டு கணக்கை மீட்கலாமே தவிர, காப்புப்பிரதி (பேக்கப்) இல்லாமல் பேச்சை மீட்க முடியாது. இறந்துபோன தந்தையின் குரல் பதிவைச் சிக்னலில் மட்டும் வைத்திருந்து இழந்த ஒரு பையனை எனக்குத் தெரியும். அவனுக்கு நான் சமாதானம் சொல்ல முடியவில்லை. பூட்டிய காப்புப்பிரதி எடுக்கும் வசதி இப்போது வந்திருக்கிறது. அதற்கு 64 எழுத்து கொண்ட ஒரு மீட்புச் சாவி தருவார்கள். அதைத் தாளில் எழுதி, படகுப் பதிவுச் சான்று இருக்கும் தகரப் பெட்டியிலேயே வையுங்கள். தொலைந்தால் அந்த நிறுவனமே நினைத்தாலும் திறந்து கொடுக்க முடியாது.

வாட்ஸ்அப்பை அழித்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. புயல் எச்சரிக்கையும், கடலுக்குப் போக வேண்டாம் என்ற அறிவிப்பும், சங்கத்துச் செய்தியும் அதில்தான் வருகின்றன. ஊரே பார்க்க வேண்டியது ஊரே இருக்கும் இடத்தில் வரட்டும். அமீரகத்தில் பிள்ளைகளை வைத்திருக்கும் கீழக்கரை, தொண்டி வீட்டார், அங்கே உரிமம் பெற்ற செயலிகளில் மட்டுமே இணையக் குரல் அழைப்புக்கு அனுமதி உண்டு என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். நான் கேட்பதெல்லாம், வீட்டுக்குள் பேச வேண்டிய நாலைந்து உரையாடல்களை மட்டும் முதலில் மாற்றுங்கள் என்பதுதான். தனியாக ஒருவர் மாறினால் அங்கே பேச ஆள் இருக்காது. ஒரு வீடு மாறினால் போதும். எங்கள் வீட்டில் நானும் தம்பியும் அம்மாவும் என்று மூன்று பேரோடுதான் தொடங்கினோம். தடைக்கால விண்ணப்பத்துக்கான நகல்களை இப்போது யாரும் எந்தக் குழுவிலும் போடுவதில்லை. உறையில் போட்டு நேரில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

சென்ற மாதம் பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சிக்னலை நிறுவிக் கொடுத்தேன். அவருடைய மகன் சவூதியில் மீன்பிடி வேலையில் இருக்கிறார். மறுமுனையில் இருப்பது மகன்தான், இடையில் வேறு யாரும் புகவில்லை என்று உறுதி செய்துகொள்ள, ஐந்தைந்தாகப் பன்னிரண்டு தொகுதிகள், ஆக 60 இலக்கங்கள் இரண்டு பேர் திரையிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட வேண்டும். அக்கா எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனால் முப்பது வருடம் கூடை சுமந்து கணக்குப் பார்த்தவருக்கு எண்கள் தண்ணீர் பட்ட பாடு. வழக்கமான தொலைபேசி அழைப்பில் மகனைப் பிடித்து, என் கைபேசியை ஒரு காதில் அழுத்திக்கொண்டு, தன் கைபேசியைக் கண்ணுக்கு நேரே தூக்கி வைத்து, ஏலம் கூறும் குரலில் முதல் ஐந்தையும் வாசித்தார். அந்தப் பக்கத்திலிருந்து மகன், சரியா இருக்கும்மா, அடுத்தது சொல்லு என்றார்.