போனுக்கு நாம் எல்லாரும் கார்தான்

வணக்கம் மக்களே! குமரி மாவட்டம் ஆரல்வாய்மொழியில் லாரியை ஓரங்கட்டிவிட்டுப் பேசுகிறேன், பின்னால் காற்றாலை சுற்றுவது தெரிகிறதா, ஆடிக் காற்று என்பதால் மைக்கில் உர்ரென்று சத்தம் வரும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், கண்ணாடியை ஏற்றிவிட்டால் கேபினுக்குள் நான் வெந்துபோவேன்.

போன வீடியோவில் ஸ்டியரிங்குக்கு மேலே செருகியிருந்த பழைய பேப்பர் என்ன என்று கேட்டீர்கள். இதுதான். அப்பாவின் ரோடு மேப். மடிப்பெல்லாம் கிழிந்து டேப் ஒட்டியிருக்கிறது, ஹைதராபாத் மேல் டீக் கறை. குலசேகரத்தில் ரப்பர் ஷீட் ஏற்றினால் நாக்பூர், ஜபல்பூர் என்று போவார், அப்போது அவருக்குத் துணை இந்தப் பேப்பரும் ஒரு கிளீனரும்தான்.

இதில் கன்னியாகுமரிக்கு வருகிற நம் ஊர் ரோட்டுக்கு 7 என்று போட்டிருக்கிறது பாருங்கள், நாகர்கோவில் களியக்காவிளை ரோட்டுக்கு 47. 2010-இல் தேசிய நெடுஞ்சாலை நம்பர்களை எல்லாம் மாற்றினார்கள், 7 போய் 44 ஆனது, ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை ஒரே நம்பர். களியக்காவிளை ரோடு 66. சரி, அந்த 7 இப்போது எங்கே இருக்கிறது தெரியுமா? பஞ்சாபில் ஃபாசில்காவில் தொடங்கி பத்ரிநாத் பக்கம் போகிறது! அப்பா மேப்பில் பார்த்த நம்பரை நம்பி இன்றைக்குப் போர்டு தேடினால் முக்கடலுக்குப் பதில் இமயமலைக்குத்தான் போய்ச் சேருவோம். புது நம்பரில் ஒரு வசதி உண்டு, மூன்று இலக்கம் என்றால் கிளை ரோடு, கடைசி இரண்டு இலக்கம் தாய் ரோடு. நான் நிற்கிற இந்த ரோடு 944, காவல்கிணற்றில் 44-ஐ விட்டுப் பிரிந்து நாகர்கோவில் வருகிறது.

ஆக, பேப்பர் பழசாகிவிடும். மார்த்தாண்டம் மேம்பாலமும் பார்வதிபுரம் மேம்பாலமும் 2018-இல் வந்தவை, இதில் எப்படி இருக்கும்? ராத்திரியில் தனியாக ஓட்டும்போது இதை விரித்துப் பார்க்கவும் முடியாது. அப்படியானால் எதற்கு இன்னும் வைத்திருக்கிறாய் என்று கேட்பீர்கள்.

ஒரு கதை சொல்கிறேன். சிமெண்ட் லோடு, திங்கள்நகர் பக்கம் ஒரு குடோனில் இறக்க வேண்டும், ராத்திரி பதினொன்று இருக்கும். முன்னால் ஏதோ பிளாக். போன் மேப்பில் வழி சொல்கிற அந்தப் பெண் குரல் "இந்த வழியில் போனால் 9 நிமிடம் மிச்சம்" என்கிறது, நானும் ஒடித்துத் திருப்பினேன். முதலில் நல்ல தார் ரோடு. அப்புறம் பார்த்தால் சானல்கரை, வாய்க்கால் ஓரத்துப் பாதை. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் தென்னந்தோப்பு, மேலே கரண்ட் கம்பி, கிளை வந்து தார்ப்பாயை உரசுகிறது, அரை கிலோமீட்டர் தாண்டி ஒரு வீட்டு காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒரு வளைவு. வண்டி திரும்பவே திரும்பாது. போன் மட்டும் "நேராகச் செல்லுங்கள்" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது. நான் இறங்கித் தலையில் கை வைத்து நிற்கும்போது ஒரு பெரியவர் லுங்கியும் டார்ச்சுமாக வந்தார். "ஏம் மக்கா, இதுக்குள்ள லாரிய எப்பிடிக் கொண்டுவந்தே?" என்றார். திட்டவில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார். பிறகு அவரே பின்னால் நின்று "வா வா, லெஃப்டுல ஒடி, போதும், வா" என்று டார்ச் அடித்துக் காட்டினார், வந்த தூரம் முழுக்க ரிவர்ஸிலேயே வெளியே வந்தேன். முக்கால் மணி நேரம். மிச்சம் பிடித்த 9 நிமிடத்தின் லட்சணம் இதுதான்.

மறுநாள் வீட்டில் சொன்னதும் அப்பா இந்த மேப்பை எடுத்து விரித்தார். "எங்கே, அந்த ரோட்டைக் காட்டு" என்றார். தேடினேன். அந்த ரோடே இதில் கிடையாது!

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இந்தப் பேப்பரில் பெரிய ரோடு மட்டும்தான் இருக்கிறது, சந்து பொந்து போட இடமில்லை, அதனால் இதைப் பார்த்து ஓட்டியவர்கள் தானாகவே லாரி போகிற ரோட்டிலேயே போனார்கள். போனுக்கு எல்லாச் சந்தும் தெரியும். ஆனால் பின்னால் எத்தனை டன் இருக்கிறது, எவ்வளவு உயரம், திரும்ப எவ்வளவு இடம் வேண்டும், எதுவும் தெரியாது. நாம் சும்மா பயன்படுத்துகிற மேப்புக்கு பைக் இல்லையென்றால் கார், அவ்வளவுதான்.

வெளிநாட்டிலும் இந்தத் தொல்லை உண்டு. அமெரிக்காவில் பாஸ்டனில் ஸ்டாரோ டிரைவ் என்று ஒரு ரோடு, பாலமெல்லாம் தாழ்வு, லாரிக்கு அனுமதியே இல்லை, ஆனாலும் செப்டம்பர் 1 வாக்கில் ஊரே வீடு மாற்றும்போது வாடகை லாரிகள் போய்ப் பாலத்தில் சிக்கிக்கொள்ளும். அங்கே ராண்ட் மெக்னலி என்ற கம்பெனி லாரிக்காரர்களுக்கென்றே தனி அட்லஸ் போடுகிறது, எந்த ரோட்டில் லாரி போகலாம், எந்தப் பாலம் தாழ்வு என்று அதில் இருக்கும். வண்டியின் உயரம், எடையை முதலிலேயே பதிந்துவைக்கிற லாரி ஜிபிஎஸ் கருவியும் கடையில் கிடைக்கிறது. நம்மிடம் இருப்பது வழி கேட்டால் சொல்கிற டீக்கடை அண்ணாச்சி.

கிண்டல் இல்லை, ரோட்டை நேரில் பார்த்தவர் சொல்வதுதான் நம்பிக்கை. முப்பந்தலுக்குக் காற்றாலை இறக்கை ஏற்றி வருகிற டிரெய்லரைப் பார்த்திருப்பீர்கள். அவ்வளவு நீளத்தை ரோட்டில் இறக்குவதற்கு முன்னாலேயே ஆள் போய் ஒவ்வொரு வளைவையும் பார்த்துவிட்டு வந்துவிடுவார்கள்.

நானும் போனைத் தூக்கி எறியவில்லை. எங்கே பிளாக், எங்கே ஆக்சிடென்ட் என்று அதுதான் சொல்ல வேண்டும், பேப்பரால் முடியாது. இப்போது என் வழக்கம் இதுதான். கிளம்பும் முன் பேப்பரில் விரலை வைத்து ஒரு தடவை முழு ரூட்டையும் பார்த்துக்கொள்வேன். போன் திடீரென்று பெரிய ரோட்டை விட்டு இறங்கச் சொன்னால் வண்டியை நிறுத்தி, அந்தப் பக்கம் ஏதாவது லாரி வருகிறதா என்று பார்ப்பேன். பைக் மட்டும் வந்தால் சந்தேகம். ஒரு டிப்பராவது வந்தால் தைரியம்.

சரி மக்களே, பின்னால் ஒருவர் ஹாரன் அடிக்கிறார், வண்டியை எடுக்க வேண்டும். இன்றைக்கும் லோடு திங்கள்நகர் பக்கம்தான்.