‘2 டன்’ ஃபோர்க்லிஃப்ட் 2 டன் தூக்காது! தகட்டில் நீங்கள் படிக்காத எண் எது?

[திரையில்: ஃபோர்க்லிஃப்ட்டின் தகடு, மிக அருகில்]

இந்தத் தகட்டைப் பாருங்கள். 2000 கிலோ என்று அடித்திருக்கிறது. இப்போது 1800 கிலோ எடையுள்ள, 2 மீட்டர் நீளமான ஒரு மரப்பெட்டி. இன்னும் 200 கிலோ மிச்சம் இருக்கிறதே, தாராளமாகத் தூக்கலாம் என்றுதானே தோன்றுகிறது? டிரைவர் லீவரை இழுக்கிறார். பெட்டி எழும்பவில்லை. வண்டியின் பின்சக்கரம்தான் எழும்புகிறது!

தகடு பொய் சொல்லவில்லை. அந்த 2000-க்குப் பக்கத்திலேயே இன்னொரு எண் இருந்தது, நாம்தான் அதைக் கண்டுகொள்ளவில்லை. வீடியோவின் நடுவில் அதற்கு வருகிறேன், வீடியோவை முன்னே தள்ளிவிடாதீர்கள்.

முதலில் சலிப்பான அறிமுகம், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். கிடங்கில் சும்மா நிற்கும் சாமான்கள் உண்டு: ராக், ஷெல்ஃப். நகர்த்தும் சாமான்கள் உண்டு: டிரக் (லாரி அல்ல, கிடங்குக்குள் சரக்கைத் தூக்கி நகர்த்தும் வண்டி), கன்வேயர் (சரக்கைத் தானே நகர்த்திக் கொண்டுபோகும் பாதை). இரண்டுக்கும் நடுவே போய்வருவது பேலட், சரக்கை அடுக்கி வைக்கும் தட்டையான பலகை மேடை. அறிமுகம் அவ்வளவுதான்.

சொல் ஆர்வலர்களுக்கு ஒரு துணுக்கு. ‘குடோன்’ என்பது ஆங்கிலச் சொல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது மலாய் மொழி வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அதன் வேர் நம் ‘கிடங்கு’ அல்லது அதன் தெலுங்கு உறவுச் சொல்லாக இருக்கலாம் என்கின்றன அகராதிகள். அப்படியென்றால் நம் வீட்டுப் பிள்ளைதான் வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது.

சரி, பேலட். ஐரோப்பாவின் யூரோ பேலட் 1200 × 800 மில்லிமீட்டர், உயரம் 144, அதில் அடித்திருப்பது 78 ஆணிகள். கீழே ஃபோர்க், அதாவது வண்டியின் முன்னால் நீளும் இரண்டு இரும்புக் கரங்கள், நுழையும் இடைவெளி 100 மில்லிமீட்டர். கைப்பிடியைப் பம்ப் அடித்துத் தூக்குவோமே, அந்த ஹேண்ட் பேலட் டிரக், அதன் ஃபோர்க்கை முழுக்க இறக்கினால் உயரம் வழக்கமாக 85 மில்லிமீட்டர். உள்ளே நுழையக் கிடைப்பது வெறும் 15 மில்லிமீட்டர் சலுகைதான். பேலட்டின் அடிப்பலகை உடைந்து தொங்கினால் டிரக் ஏன் முரண்டு பிடிக்கிறது என்று இப்போது புரிகிறதா? அந்த அடிப்பலகையே இல்லாமல் வெறும் கால்களோடு நின்றால் அதன் பெயர் ஸ்கிட். பலரும் இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை.

[திரையில்: பூங்காவில் பிள்ளைகள் ஏறி இறங்கி ஆடும் சீசா பலகையின் படம்]

இப்போது நான் காத்திருந்த இடம். நாம் பார்த்த இந்த வகை ஃபோர்க்லிஃப்ட்டின் பெயர் கவுண்டர்பேலன்ஸ் டிரக். எதிர் எடை வண்டி. வண்டியின் பின்பக்கம் தொந்தி போல ஒரு பெரிய இரும்புக் கட்டி தெரியும், அழகுக்கு வைத்தது அல்ல. சீசாவை நினைத்துக்கொள்ளுங்கள். முன்சக்கர அச்சுதான் நடுத்தாங்கி. ஒரு பக்கம் சுமை, மறு பக்கம் வண்டியும் அந்த இரும்பும்.

சீசாவில் ஒல்லியான பையன் நுனியில் உட்கார்ந்து, குண்டுப் பையனைத் தூக்கியது ஞாபகம் இருக்கிறதா? எடை மட்டும் போதாது, எடை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் கணக்கு. அந்தத் தூரத்தின் பெயர்தான் லோட் சென்டர். ஃபோர்க்கின் செங்குத்தான முகத்திலிருந்து சுமையின் எடைமையம் வரை அளப்பது. தகட்டில் நாம் படிக்காமல் விட்ட எண் அதுதான்: 500 மில்லிமீட்டர். அதாவது சுமை 1 மீட்டர் நீளம் இருந்து, எடை சீராகப் பரவியிருந்தால்தான் அந்த 2000 கிலோ செல்லும்.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம், பேனா எடுங்கள். உதாரணத்துக்கு, முன்சக்கர அச்சிலிருந்து ஃபோர்க்கின் முகம் வரை 400 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 400-உம் 500-உம் சேர்த்து 900. அதை 2000-ஆல் பெருக்கினால் 18 லட்சம். வண்டிக்குக் கொடுத்த உரிமை அவ்வளவுதான். நம் பெட்டிக்கு நீளம் 2 மீட்டர், ஆக லோட் சென்டர் 1000. அச்சிலிருந்து 1400. 18 லட்சத்தை 1400-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1285 கிலோ! நாம் வைத்தது 1800. பின்சக்கரம் எழும்பாமல் என்ன செய்யும்?

இது புரிவதற்கான கணக்கு மட்டும். வேலையிடத்தில் வண்டியின் தகடும் தயாரிப்பாளர் தரும் அட்டவணையும் சொல்வதே முடிவு. மாஸ்ட்டை, அதாவது ஃபோர்க்கை மேலே ஏற்றும் செங்குத்தான தூணை, மிக உயரத்துக்கு ஏற்றினாலும், ஃபோர்க்கில் வேறு இணைப்புக் கருவி மாட்டினாலும் அந்த எண் குறையும்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. மின்சார ஃபோர்க்லிஃப்ட்டில் அந்தக் கனமான ஈய பேட்டரியும் எதிர் எடையில் சேர்த்தி. அதை எடுத்துவிட்டு எடை குறைந்த லித்தியம் பேட்டரி வைத்தால், குறைந்த எடைக்கு ஈடாக இரும்பு வைக்க வேண்டியிருக்கும். எடை குறைவு என்று சந்தோஷப்பட்டு வாங்கிவிட்டு, பிறகு எடையைத் தேடி அலைவது!

ரீச் டிரக்கின் தந்திரம் வேறு. முன்னால் இரண்டு கால்கள் நீட்டி, மாஸ்ட்டை முன்னே தள்ளிச் சரக்கை எடுத்து, பின்னே இழுத்துச் சக்கரங்களுக்கு நடுவில் வைத்துக்கொள்ளும். எட்டி எடுப்பதால் ‘ரீச்’. தொந்தி தேவையில்லை, அதனால் குறுகலான சந்திலும் திரும்பும்.

கன்வேயரைப் பற்றி ஒரே வரி: அது நகரும், நீங்கள் நிற்கலாம்.

கடைசியாக, ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு ராக்குகள். இரண்டிலும் வண்டியையே ராக்குக்குள் ஓட்டிப் போய்ச் சரக்கை வைப்போம். டிரைவ்-இன் ராக்குக்கு ஒரு பக்கம்தான் வாசல். கடைசியில் வைத்தது முதலில் வெளியே வரும், கூட்டமான லிஃப்ட்டில் கடைசியாக ஏறியவர் முதலில் இறங்குவது போல. டிரைவ்-த்ரூ ராக்குக்கு இரண்டு பக்கமும் வாசல், ஒரு பக்கம் வைத்து மறுபக்கம் எடுத்தால் முதலில் வைத்தது முதலில் வரும். காலாவதி தேதி உள்ள சரக்கை டிரைவ்-இன்னில் அடுக்கினால், பழையது உள்ளேயே தூங்கும். பெயரில் வித்தியாசம் ஒரு சின்னச் சொல்தான்.

சரி, உங்களுக்கு ஒரு கேள்வி. புஷ்-பேக் ராக்கில் புதிய பேலட் வைக்கும்போது, ஏற்கெனவே இருப்பது தண்டவாளத்தில் பின்னால் தள்ளப்படும். அதில் முதலில் வெளியே வருவது எது? கமெண்டில் எழுதுங்கள். கூகுள் பார்க்காமல்!